அப்பாவின் செய்கோ 7009ஐச் சேர்விஸ் பண்ணுவதா, புது ஓட்டோமெட்டிக் எடுப்பதா? மட்டக்களப்பில் இருந்துகொண்டு எதைப் பராமரிக்கலாம்?

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா எண்பதுகளில் கட்டாரில் வேலை செய்தபோது வாங்கிய செய்கோ 5 ஓட்டோமெட்டிக் (பற்றரி இல்லாமல் கை அசைவிலேயே ஸ்பிரிங் ஏறும்) மணிக்கூடு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பின்மூடியில் 7009 என்று தொடங்கும் இலக்கம், கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் வரும். பல வருடம் அலுமாரிக்குள் கிடந்தது. இப்போது எடுத்து ஆட்டினால் உடனே ஓடத் தொடங்குகிறது, ஆனால் பின்னேரம் ஆகும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிந்திவிடும், இரவு கழற்றி வைத்தால் விடிய முன் நின்றுவிடும். நான் அதைத்தான் கட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. எனக்கும் அந்த மணிக்கூடு நன்றாகப் பிடிக்கும்.

சுவிஸில் இருக்கும் அண்ணன் டிசம்பரில் வரும்போது பவர்மேட்டிக் 80 மெசின் உள்ள டிஸ்ஸோ ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். கூடப் படிப்பிக்கும் சேர் ஒருவர், அதெல்லாம் வேண்டாம், 4ஆர்36 மெசின் போட்ட புது செய்கோ 5 எடுங்கள், பத்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்கிறார்.

நான் தினமும் கல்லடியில் இருந்து களுவாஞ்சிக்குடிக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவன், பின்னேரம் கரப்பந்து விளையாடுவேன், வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் குறைவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மெசின் முடிஞ்சுது, பற்றரி மெசின் போட்டுத் தரவா" என்று கேட்டார்கள். மனம் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய ஓட்டோமெட்டிக் மெசின்கள் உண்மையில் நம்பகமானவையா, அல்லது புதியவைதான் மேலா? அதைவிட முக்கியம், பழுதானால் இங்கே கிழக்கில் எதைத் திருத்த ஏலும்?

மெசின்காரர் (கல்முனை)

தம்பி, பற்றரி மெசின் போட விடாமல் திருப்பி எடுத்தீர்களே, அது மிகச் சரி. ஆட்டியதும் ஓடுகிற 7009 முடிந்துபோன மெசின் இல்லை. எண்ணெய் காய்ந்த மெசின். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நான் வாப்பாவின் மேசையில் தொழில் பழகியவன், இன்றைக்கும் இதுதான் தொழில். கட்டார், சவூதி, குவைத் என்று போய் வந்தவர்கள் கொண்டுவந்த செய்கோ, சிட்டிசன், ஒரியன்ட் மணிக்கூடுகள் இந்தக் கரையில் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும், காத்தான்குடியில் இருந்து பொத்துவில் வரைக்கும் அப்படித்தான். அதனால் இந்த மெசின்களின் உள்பக்கம் எனக்குப் பழகிய இடம்.

7009 என்பது மெசினின் இலக்கம், எழுபதுகளின் பிற்பகுதியில் வந்தது. 17 கல் (அச்சுகள் தேயாமல் தாங்கும் சின்னக் கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது செக்கனுக்கு ஆறு. சாவியால், அதாவது பக்கத்தில் உள்ள திருகியால், கீ கொடுக்க முடியாது, சாவியை இழுத்தாலும் செக்கன் முள்ளு நிற்காது. இந்த இரண்டையும் சொல்லி இதைக் குறைந்த மெசின் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கீ கொடுக்கும் பகுதி இல்லை என்றால் தேய்வதற்கு அவ்வளவு சில்லு குறைவு, சாவி வழியாகத் தண்ணீர் போக வாய்ப்பும் குறைவு, ஏனென்றால் யாரும் தினமும் அதைத் திருகிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த மெசினின் உயிர் மேஜிக் லீவர். செய்கோ அதை 1959இல் கொண்டுவந்தது. கை அசைவில் சுழலும் பாரத்தகடுதான் ரோட்டர், அதோடு சேர்ந்து சுற்றும் சில்லு ஒன்றில் மையம் விலகிய ஒரு முளை இருக்கும். அதில் மாட்டிய லீவருக்கு இரண்டு கை. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு கை பல்லை இழுக்கும், மற்றக் கை தள்ளும், ஸ்பிரிங் இறுகிக்கொண்டே போகும். சுவிஸ் மெசின்களில் இதே வேலைக்கு ரிவர்சிங் சில்லுகள் இருக்கின்றன, அவற்றுக்குள்ளே இன்னும் சின்னச் சின்னப் பாகங்கள். செய்கோவில் ஒரு தகட்டுத் துண்டு. அறுபது வருடத்துக்கு மேலாகிறது, இன்றைக்குக் கடையில் எடுக்கும் 4ஆர்36 உள்ளேயும் அதே லீவர்தான். ஆகவே பழையது புதியது என்று நீங்கள் பிரிக்கும் இந்த இரண்டு செய்கோவும் ஒரே குடும்பம்.

7009க்குப் பிறகு 1996இல் 7எஸ்26 வந்தது, 21 கல். கல் கூடியது நல்லதுதான், ஆனால் அந்தக் கற்களில் சிலதுக்கு மேல் டயாஃபிக்ஸ் என்று மயிர்போன்ற ஒரு ஸ்பிரிங் மூடி இருக்கும், அதைக் கழற்றும்போது சாவணத்தில் இருந்து பறந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. அதனால் பல பேர் அதைத் திறக்காமலே கழுவிவிடுவார்கள், உள்ளே பழைய எண்ணெய் அப்படியே கிடக்கும். 7009இல் அந்தத் தொல்லை இல்லை. சேர்விஸ் பண்ணும் ஆளின் பக்கத்தில் இருந்து சொன்னால் 7009, 7எஸ்26, 4ஆர்36 மூன்றிலும் 7009தான் லேசானது.

4ஆர்36 2011இல் வந்தது. 24 கல், கீ கொடுக்கலாம், செக்கன் நிற்கும், நிறைய ஸ்பிரிங் ஏறினால் 41 மணித்தியாலம் ஓடும். ஓட்டம் அதே 21,600. செய்கோவே கொடுக்கும் கணக்கில் ஒரு நாளைக்கு 45 செக்கன் முந்தலாம், 35 செக்கன் பிந்தலாம், அதற்குள் இருந்தால் அவர்களுக்குச் சரி. கையில் வந்து சேருபவை பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும். ஒழுங்காகச் சேர்விஸ் பண்ணிய 7009ஐயும் நான் அந்த எல்லைக்குள் கொண்டுவந்து கொடுப்பேன்.

பழைய மெசின்களில் உண்மையான தேய்வு எங்கே என்று கேட்டால், கல் இல்லாத இடங்களில். மெயின் ஸ்பிரிங் இருக்கும் பரல், அதன் அச்சு நுழையும் துளை வெறும் உலோகம். அங்கே எண்ணெய் காய்ந்த பிறகும் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டே இருந்தால் துளை முட்டை வடிவில் விரியும், பரல் சரியும், ஓட்டத்தின் பலம் குறையும். அது எழுபதுகளில் செய்ததா இரண்டாயிரத்தில் செய்ததா என்பதைவிட, காய்ந்த நிலையில் எத்தனை காலம் ஓடியது என்பதுதான் தேய்வைத் தீர்மானிக்கும். உங்கள் அப்பாவின் மணிக்கூடு அலுமாரிக்குள் கிடந்தது ஒருவகையில் நல்லது.

மறுகா இன்னொன்று. சேர்விஸ் என்று சொல்லி மெசினை முழுதாகப் பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே இரண்டு துளி எண்ணெய் விட்டுக் கொடுக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அது மூன்று மாதம் ஓடும், பிறகு முன்னையதைவிட மோசமாகும், ஏனென்றால் கரைந்த அழுக்கு கற்களின் ஓரத்தில் போய்த் தங்கி இறுகும். சேர்விஸ் என்றால் ஒவ்வொரு சில்லாகக் கழற்றி, கழுவி, கல்லை ஈர்க்கால் துடைத்து, இடத்துக்கேற்ற எண்ணெய் போட்டுப் பூட்டுவது. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சில்லின் பக்கத்துக்கு மெல்லிய எண்ணெய், பரல் பக்கத்துக்குத் தடித்தது, பேலன்ஸைத் தட்டிவிடும் பேலட்டின் கல்லுக்கு வேறொன்று. கொடுக்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள், முழுதாகக் கழற்றுவீர்களா என்று. பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

மட்டு பேர்ன்

கல்முனை அண்ணன் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் களுதாவளை, இப்போது பேர்னில். மணிக்கூடு தொழிற்சாலை வேலை இல்லை, ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு பழைய மெசின் வாங்கித் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. டிஸ்ஸோ பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் அண்ணன் காசைச் செலவழிக்க முன் தெரிந்திருக்க வேண்டும்.

சுவிஸ் பக்கத்தில் பல வருடம் எல்லோருக்கும் சோறுபோட்ட மெசின் இடிஏ கம்பனியின் 2824-2. 25 கல், மணிக்கு 28,800 துடிப்பு, நிறையக் கீ கொடுத்தால் 38 மணித்தியாலம் அளவில் ஓடும். உலகத்தில் எந்த மூலையில் உள்ள திருத்துபவருக்கும் அதன் உள்பக்கம் தெரியும். பலவீனம் என்று சொன்னால் அந்த ரிவர்சிங் சில்லுகள். அழுக்கேறிவிட்டால் நீங்கள் சாவியால் கீ கொடுக்கும்போது ரோட்டரும் சேர்ந்து சுற்றும். அப்படிச் சுற்றினால் அன்றோடு கையால் கீ கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சேர்விஸுக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லைத் தின்றுவிடும்.

பவர்மேட்டிக் 80 அந்த 2824இன் உடம்பில் இருந்து வந்ததுதான். 80 மணித்தியாலம் ஓட வைக்கத் துடிப்பை 21,600க்குக் குறைத்தார்கள், பரலின் நடு அச்சை மெலிதாக்கி நீளமான ஸ்பிரிங் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். அது உண்மையில் நல்ல வசதி, பாடசாலை வேலைக்குப் போகிற ஒருவருக்கு மிகப் பொருத்தம். புதியவற்றில் நிவாக்ரோன் எனும் கலப்புலோகத்தில் செய்த ஹெயார் ஸ்பிரிங் (பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்) வருகிறது, காந்தம் லேசில் பிடிக்காது. ஓட்டமும் நாளுக்குச் சில செக்கன் என்ற அளவில் இருக்கும்.

ஆனால் சேர்விஸ் என்று வரும்போது கதை மாறுகிறது. வழக்கமான மெசினில் முந்தினால் பிந்தினால் தள்ளிச் சரிசெய்ய ஒரு சின்ன லீவர் இருக்கும். பவர்மேட்டிக் 80இல் அது இல்லை, தொழிற்சாலையில் லேசரால் பேலன்ஸைச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். அதன் சில வகைகளில் பேலட்டும் அதைத் தள்ளும் எஸ்கேப் சில்லும் செயற்கைப் பொருளில் செய்தவை. அதனால் ஓட்டம் கெடும் என்று நான் சொல்லவில்லை, எண்ணெய் குறைவாகவே தேவைப்படும், உரசல் குறைவு. பிரச்சினை, பழுதானால் ஊர்த் திருத்துபவர் என்ன செய்வார் என்பது. ஸ்வாட்ச் குழுமம் 2015 முடிவோடு வெளி மொத்த வியாபாரிகளுக்கு உதிரிப்பாகம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இடிஏவும் டிஸ்ஸோவும் அந்தக் குழுமத்துடையவைதான். ஆகவே அதிகாரபூர்வ சேர்விஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மட்டக்களப்பில் இருந்து அது கொழும்புப் பயணம், அங்கிருந்து எத்தனை மாதம் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இதன் கடைசி எல்லை எது தெரியுமா? 2013இல் வந்த ஸ்வாட்ச் சிஸ்டம்51. மொத்தம் 51 பாகம், நடுவில் ஒரே ஒரு திருகாணி, 90 மணித்தியாலம் ஓடும், தூசி போகாதபடி மூடி ஒட்டியது. மனிதக் கை படாமல் இயந்திரமே பூட்டுகிறது. பொறியியலாகப் பார்த்தால் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் திறக்கவே ஏலாது, நின்றால் மெசினோடு மாற்றம்தான். கல்முனை அண்ணன் பழகிய சேர்விஸ் எனும் வேலைக்கு அதில் இடமே இல்லை.

உங்கள் அண்ணன் சுவிஸில்தான் எடுக்கப் போகிறார் என்றால் செல்லிட்டா எனும் சுவிஸ் கம்பனியின் எஸ்டபிள்யூ200 மெசின் போட்ட ஏதாவதையும் பார்க்கச் சொல்லுங்கள். 2824ஐ அப்படியே பின்பற்றிச் செய்தது, ஒரு கல் கூட, 26. உதிரிப்பாகம் வெளியே கிடைக்கிறது, 2824 தெரிந்த எவரும் கை வைப்பார்.

வட்டைக்காரன் (அக்கரைப்பற்று)

இரண்டு பேரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் மறுபக்கத்தில் நிற்கிறேன். எங்களுக்கு வேளாண்மை. விதைப்பில் இருந்து வெட்டு வரைக்கும் வட்டைக்குள்தான் சீவியம், உழவு மெசினின் அதிர்ச்சி, சேறு, தூசி, வெயில் எல்லாம் மணிக்கூடும் சேர்ந்து தாங்க வேண்டும். வாப்பாவின் பழைய ஒரியன்ட் ஒன்றை நான் வருடக்கணக்காகக் கட்டினேன், 46943 மெசின், 1971இல் வந்த வடிவம். கெட்டியானது, அதில் ஐயம் இல்லை. ஆனால் கடைசியில் அதற்கு ஒரு சில்லு தேவைப்பட்டபோது எங்கேயும் புதிது கிடைக்கவில்லை, செத்த மணிக்கூடு ஒன்றில் இருந்து கழற்றித்தான் போட வேண்டும் என்றார்கள். கழற்றிப் போடுகிற சில்லும் அதே அளவு தேய்ந்ததுதானே?

அதனால் இப்போது என்எச்36 போட்ட ஒரு மணிக்கூடு கட்டுகிறேன். என்எச்35, என்எச்36 என்பவை செய்கோவின் 4ஆர் மெசின்கள்தான், மற்றக் கம்பனிகளுக்கு விற்பதற்காக வேறு பெயர். 35இல் தேதி மட்டும், 36இல் கிழமையும் உண்டு. இதன் நன்மை என்னவென்றால் முழு மெசினே புதிதாக, பெட்டியோடு, யாருக்கும் இணையத்தில் கிடைக்கிறது. ஒரு முழுச் சேர்விஸுக்குக் கொடுக்கும் காசும் புது மெசின் ஒன்றின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்போது நான் எதற்குப் பழைய மெசினைக் கழுவ வேண்டும்? பழுதா, கழற்று, புதிதைப் போடு, முள்ளையும் டயலையும் மாற்று, ஒரு பின்னேர வேலை. எனக்குத் தேவை காலையில் தண்ணீர் திறக்கும் நேரத்தைச் சரியாகக் காட்டும் மணிக்கூடு. மெசின் எத்தனை தலைமுறை பழையது என்பது எனக்கு இரண்டாவது.

தம்பி, உங்களுக்கும் அதையே சொல்வேன். புது செய்கோ 5 எடுங்கள். அப்பாவின் மணிக்கூட்டைச் சேர்விஸ் பண்ணி நல்ல நாட்களுக்கு வைத்திருங்கள்.

பேர்ன் தம்பி காந்தம் என்று ஒரு சொல்லில் கடந்துபோனார், அதையும் விரித்துச் சொல்லிவிடுகிறேன். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் போன், ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் கவர். நேற்றுவரை நன்றாக ஓடிய மணிக்கூடு திடீரென்று நாளுக்கு நிமிடக்கணக்கில் முந்துகிறது என்றால் பெரும்பாலும் ஹெயார் ஸ்பிரிங் காந்தம் பிடித்து ஒட்டிக்கொண்டது. பழசு புதுசு இரண்டுக்கும் இது வரும். காந்தம் எடுக்கும் கருவியில் ஒருமுறை காட்டினால் போய்விடும். அதற்குப்போய் முழுச் சேர்விஸ் காசு கொடுத்துவிடாதீர்கள்.

மெசின்காரர் (கல்முனை)

வட்டைக்காரன், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வட்டைக்குள் கட்ட என்எச்36தான் சரி, நானே பலருக்கு அதைப் போட்டுக் கொடுக்கிறேன். மெசின் மாற்றும் வேலையை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் இரண்டு விசயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் பழைய 7009 பெட்டிக்குள் என்எச்36ஐ வாங்கித் திணிக்கப் பார்ப்பார்கள். 7எஸ்26 இருந்த மணிக்கூட்டில் என்எச்36 உட்காரும், சாவியின் தண்டை மட்டும் மாற்றி அளவாக வெட்ட வேண்டும். 7009இல் அப்படி நேராகப் போகும் என்று நம்பி வாங்கக் கூடாது. டயலை மெசினில் பிடித்து வைக்கும் அதன் பின்பக்க முளையை, டயலின் கால் என்போம், அதைப் பார்க்க வேண்டும், சாவித் துளையின் உயரத்தைப் பார்க்க வேண்டும், டயலின் காலை வெட்டி ஒட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்பாவின் மணிக்கூட்டின் டயல் காலை வெட்ட நான் ஒருபோதும் கை வைக்கமாட்டேன்.

இரண்டாவது, உதிரிப்பாகம் கிடைக்காது என்பது ஒரியன்டுக்கு ஓரளவு உண்மை, 7009க்கு அவ்வளவு இல்லை. அந்த மெசின் ஊருக்குள் அவ்வளவு கிடக்கிறது. தேய்ந்த சில்லு என்கிறீர்கள், ஆனால் எல்லாச் சில்லும் ஒரேமாதிரித் தேய்வதில்லை. தண்ணீர் போய்ப் பேலன்ஸ் துருப்பிடித்துச் செத்த மணிக்கூட்டின் பரலும் லீவரும் புதுசு போலவே இருக்கும். கண்ணில் லென்ஸைப் போட்டுச் சில்லின் அச்சு முனையைப் பார்த்தால் தெரியும், நல்ல முனை கண்ணாடிபோல் மினுங்கும், தேய்ந்ததில் வெட்டுக்கோடு ஓடியிருக்கும்.

இங்கே மெசின் திருத்த ஆளே இல்லாமல் போனதற்குக் காரணமும் இருக்கிறது. 1969 டிசம்பரில் செய்கோ அஸ்ட்ரோன் எனும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விட்டது, அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் பற்றரி மணிக்கூடு மலிந்தது, மெசின் வேலை குறைந்தது, பழகியவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். இப்போது போன் திருத்தும் மேசைகள் இருக்கும் அளவுக்கு மணிக்கூட்டு மேசைகள் இல்லை. ஆகையால் எந்த மெசின் நல்லது என்று கேட்பவருக்கெல்லாம் நான் முதலில் கேட்பது, உங்களுக்கு எட்டும் தூரத்தில் யாரிடம் கொடுப்பீர்கள் என்றுதான். டிஸ்ஸோ மிக நல்ல மணிக்கூடு. ஆனால் அது என் மேசைக்கு வந்தால் கழுவி எண்ணெய் போட என்னால் ஏலும், பாகம் ஒன்று உடைந்திருந்தால் உங்கள் கையில் திருப்பித்தான் தர வேண்டும். 7009இலோ 4ஆர்36இலோ அப்படி நடக்காது.

ஏறாவூர் நானா

சிட்டிசனை யாரும் சொல்லவில்லை, அதனால் வந்தேன். சிட்டிசனின் மெசின்களுக்கு மியோட்டா என்று பெயர், அதன் 8200 வரிசை எழுபதுகளில் இருந்து இன்றுவரை வருகிறது, இப்போது கடைகளில் உள்ள சிட்டிசன் சுயோசாவிலும் 8210, அதே பரம்பரைதான். ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால்தான் ஸ்பிரிங் ஏறும், மறுபக்கம் சும்மா சுழலும், கையை உதறினால் ஒரு சரசரப்புக் கேட்கும், புதிதாக வாங்கியவர்கள் பழுது என்று நினைத்து ஓடி வருவார்கள். பழுது இல்லை, அதன் இயல்பு. மேசை வேலை செய்கிறவருக்கு ஸ்பிரிங் ஏறுவது கொஞ்சம் குறைவாக இருக்கும் என்பார்கள், ஆனால் 8200இல் கையாலும் கீ கொடுக்கலாம், காலையில் இருபது தடவை திருகினால் போதும். வேகமான மியோட்டா வேண்டும் என்றால் 9015, 2009இல் வந்தது, 28,800 துடிப்பு, இரு பக்கமும் இல்லை, அதுவும் ஒரு பக்கம்தான் ஏறும். மெல்லியது, நன்றாக ஓடும், விலை கூட.

தம்பி கரப்பந்து என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஓட்டோமெட்டிக்காக இருந்தாலும் அடிக்க முன் கழற்றிப் பையில் வையுங்கள். பேலன்ஸ் கல்லுக்கு அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் இருக்கிறது, செய்கோவில் டயாஷொக், சிட்டிசனில் பாராஷொக். அது கீழே விழும்போது முனை உடையாமல் காக்கும். ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பந்தை அடிக்கும் கையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, ஆனால் ரோட்டரின் பேரிங்குக்கு உண்டு. ரோட்டர் தளர்ந்து பின்மூடியில் வட்டமாகக் கீறிய மணிக்கூடுகளைப் பார்த்தால் தெரியும்.

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் மிக நன்றி, இவ்வளவு விளக்கம் எதிர்பார்க்கவில்லை. அண்ணனிடம் டிஸ்ஸோவை இப்போதைக்குப் பொறுக்கச் சொல்லிவிட்டேன். கல்முனை அண்ணன் சொன்னபடி 7009ஐச் சேர்விஸ் பண்ணத் தீர்மானம். இரண்டு கேள்வி.

பின்மூடியில் ஆறு இலக்கம் தனியாக இருக்கிறது, 46 என்று தொடங்குகிறது. அது என்ன? அடுத்தது, டயல் அப்பா வாங்கியபோது இருந்த அதே டயலா என்று எப்படித் தெரியும்? இணையத்தில் இதே மாதிரி 7009கள் பளபளவென்று நீலம், ஒரேஞ்ச் டயலோடு மலிவாக விற்கிறார்கள், அவற்றைப் பார்த்தால் எங்களுடையது மங்கலாகத் தெரிகிறது. புது டயல் போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மெசின்காரர் (கல்முனை)

அந்த ஆறு இலக்கத்தில் முதலாவது வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 46 என்றால் நான்கில் முடியும் வருடம், ஜூன் மாதம். உங்கள் அப்பா எண்பதுகளில் வாங்கியதால் 1984 ஜூன். ஒக்டோபர் என்றால் பூச்சியம் வரும், நவம்பருக்கும் டிசம்பருக்கும் ஆங்கில எழுத்து.

டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி ஓரத்தோடு மிகச் சின்ன எழுத்தில் 7009 என்று தொடங்கும் ஒரு குறி இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக, நேராக இருந்தால் செய்கோ அடித்த டயல். நீங்கள் இணையத்தில் பார்க்கும் நீலமும் ஒரேஞ்சும் பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டி மேலே நிறம் பூசி அச்சடித்தவை, அவற்றில் இந்தக் குறி இருக்காது அல்லது ஊறிப்போய்த் தெரியும். உள்ளே மெசினும் இரண்டு மூன்று மணிக்கூடுகளில் இருந்து சேர்த்ததாக இருக்கலாம். அவற்றை வாங்கிக் கட்டிவிட்டுத்தான் பலர் பழைய செய்கோ நம்பகம் இல்லை என்று எழுதுகிறார்கள். டயலை மாற்ற வேண்டாம் தம்பி. மங்கல் பாதி கண்ணாடியில்தான் இருக்கும், கண்ணாடியைப் புதிதாகப் போட்டால் டயல் தெளியும்.

கொண்டுவர முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழு நாள் கையில் கட்டி, இரவு முகம் மேலே பார்க்க வைத்து, எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்து வாருங்கள். நாள் முழுக்கக் கட்டியும் ஐந்தாறு மணித்தியாலத்தில் நின்றால் ஸ்பிரிங் சரியாக ஏறவில்லை, மேஜிக் லீவர் பக்கமும் பரலும் முதலில் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து தாண்டினால் பெரும்பாலும் எண்ணெய் வேலைதான். இங்கே துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் கருவியில் வைத்துப் பேலன்ஸ் எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்று உங்கள் கண் முன்னே காட்டுவேன். நன்றாக ஏற்றிய பிறகும் 200 பாகைக்குக் கீழே என்றால் சேர்விஸ் இல்லாமல் முந்தல் பிந்தலைச் சரிசெய்யும் லீவரை மட்டும் தள்ளி நேரம் சரிபண்ணுவதில் பயன் இல்லை, யார் அப்படிச் செய்து தந்தாலும் வாங்காதீர்கள்.

அதுவரைக்கும் இரவு ஒன்பதில் இருந்து விடிய மூன்று வரை தேதியையும் கிழமையையும் சாவியால் மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் தேதிச் சில்லு பல்லோடு பூட்டியிருக்கும், இந்த வரிசை செய்கோவில் அங்கே பிளாஸ்டிக் சில்லும் உண்டு, நாற்பது வருடம் பழகிய பிளாஸ்டிக் லேசில் வெடிக்கும். முள்ளை ஆறரைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு மாற்றினால் பயம் இல்லை.

பின்மூடி றப்பர் வளையத்தையும் சாவியின் வளையத்தையும் மாற்றித் தருகிறேன், ஆனால் அதற்காக வாவியில் இறங்க வேண்டாம், 1984இன் பெட்டி அது. வியர்த்த நாளில் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், உப்பு பின்மூடியின் புரியில்தான் முதலில் அரிக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மேசை மூடியிருக்கும், மற்ற நாளில் எப்போதும் வரலாம். முடிந்தால் அப்பாவையும் கூட்டி வாருங்கள், இடையில் யார் யாரிடம் திறக்கக் கொடுத்தார் என்று அவரிடம் கேட்க வேண்டும்.